ஓர எண்ணை வைத்துப் பிலிம் பொருத்தும்போது: எங்கே சிக்கும், எப்படி அவிழ்ப்பது

நெகற்றிவையும் அதிலிருந்து எடுத்த பிறின்ற்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் பார்த்து எந்தத் துண்டு எதோடு சேரும் என்று தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். நல்லூர்த் தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஒரு பிறேமுக்கும் அடுத்த பிறேமுக்கும் என்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பீர்கள்? வெறும் மேலோடு நூறு பேர், வெள்ளை வேட்டி, தூசி. அரை மணித்தியாலம் பார்த்தால் கண்தான் எரியும். அதே பிலிமின் ஓரத்தில், துளைகளுக்கு வெளியே, ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண் எழுதிக் கிடக்கிறது.

கோடம்பாக்கத்தில் நெகற்றிவ் வெட்டும் மேசையில் சில வருடங்கள் உதவியாளாக இருந்தேன். இப்போது யாழ்ப்பாணத்தில் வீட்டு அலுமாரிகளிலிருந்தும் பழைய தியேட்டர்க்காரரின் பின்னறைகளிலிருந்தும் வரும் பேணிகளைத் திறந்து பார்த்துக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் சொல்லும் குறையையே தலைப்பாக வைத்து எழுதுகிறேன்.

சாமான் அதிகம் வேண்டாம். பால் வெள்ளைப் பிளாஸ்ரிக் தகடு ஒன்றின் கீழே ஒரு லைற், எட்டு மடங்கு பெருக்கும் லூப், பருத்திக் கையுறை, அடிமட்டம், ஒரு கொப்பி, பென்சில். பேனை வேண்டாம், மை ஒருநாள் பிலிமில் பட்டே தீரும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிமைச் செய்யும் தொழிற்சாலையே விற்பதற்கு முன் ஓரத்தில் எண்ணை ஒளியால் பதித்துவிடும். கழுவும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. படத்தோடு சேர்ந்துதான் வெளிவரும். 35 மி.மீ.இல் ஓர் அடிக்கு ஓர் எண். அந்த அடிக்குள் 16 பிறேம், 64 துளை. 1990இல் கொடாக் கொண்டுவந்த கீகோட் முறையில் முதலில் இரண்டு எழுத்து (முதலாவது தயாரித்தவர், இரண்டாவது பிலிமின் வகை), பிறகு ஆறு இலக்கம், பிறகு நாலு இலக்கம். இந்தக் கடைசி நாலும்தான் அடிக்கு அடி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகும். பக்கத்தில் இயந்திரம் வாசிக்க ஒரு பார்கோட். அடியின் நடுவிலும் சின்ன எழுத்தில் அதே எண் வரும், +32 என்று ஒட்டுப் போட்டு. 32 துளை தாண்டிவிட்டது என்று அதற்குப் பொருள். அதைப் புது எண் என்று நினைத்து எழுதிவிட்டால் கணக்கு அரை அடியால் பிழைக்கும்.

“ஓரத்தில் ஒன்றுமே இல்லை”

முதலில், இடம் சரியா என்று பாருங்கள். 35 மி.மீ.இல் துளைக்கும் விளிம்புக்கும் இடையில் இருக்கும். 16 மி.மீ.இல் எழுத்து மிகச் சின்னது, துளைப் பக்கத்து விளிம்பில் ஒடுங்கிக் கிடக்கும். லூப் இல்லாமல் தேடுவது வீண். 8 மி.மீ. வீட்டுப் படம் என்றால் தேடவே வேண்டாம். அதில் பிலிமின் பெயரும் வருடக் குறியும் இருக்கலாம், அடி எண் இராது.

சரி, இடம் சரி, ஆனாலும் இல்லை என்றால், அது எந்த மாதிரிப் பிரதி என்று யோசிக்க வேண்டும். நெகற்றிவின் எண் பிறின்ற்றில் வருவதற்கு, பிரதி எடுக்கும் இயந்திரத்தில் ஓரத்துக்கென்று உள்ள விளக்கு எரிந்திருக்க வேண்டும். எடிற்றிங்குக்கான ரஷ் பிறின்ற் என்றால் லாப்காரர் அதை எரியவிட்டிருப்பார்கள். தியேட்டருக்குப் போன பிறின்ற்றில் அந்தக் கவலை யாருக்கும் இருந்ததில்லை. அதேபோல 35 மி.மீ.ஐ 16 மி.மீ. ஆகச் சுருக்கி எடுத்த பிரதியில் மூலத்தின் ஓரம் வரவே வராது, ஏனென்றால் அங்கே லென்ஸ் வழியாகப் படத்தின் சட்டத்தை மட்டுமே நகல் எடுக்கிறார்கள். இந்த மாதிரிப் பிரதிகளில் மூல எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே படத்தைப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று: ரிவேர்சல் பிலிம். கமராவில் ஓடிய அதே பிலிமே நேரடியாகப் பார்க்கும் படமாக வருவது. 16 மி.மீ. வீட்டுப் படங்களிலும் செய்திப் படங்களிலும் நிறைய. அதன் ஓரம் கறுப்பு, எழுத்து வெளிச்சம். கறுப்பு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அகப்படாது.

மையால் அடித்த எண் என்று ஒரு வகையும் உண்டு. மஞ்சள், வெள்ளை, கறுப்பு மையில், பிலிமின் மேலேயே. அது தொழிற்சாலை எண் அல்ல, எடிற்றிங் அறையில் படத்துக்கும் ஒலி நாடாவுக்கும் ஒன்றாக அடித்தது. பிலிமைத் துடைக்கும் திரவம் பட்டால் அது போய்விடும். ஆகவே எதையும் துடைப்பதற்கு முன் எழுதி வையுங்கள். பூஞ்சணம் பிடித்திருக்கிறதே என்று ஆர்வத்தில் முதலில் துடைத்துவிட்டு வந்து கேட்டால் நான் என்ன செய்வது?

கழுவாத பிலிம் என்று சந்தேகம் இருந்தால் பேணியைத் திறக்கவே வேண்டாம். எண் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் நீங்கள் பார்க்கும் கணத்தில் படமும் சேர்ந்து போய்விடும்.

“ஒரே ஓரத்தில் இரண்டு எண் இருக்கிறது, எது சரி?”

இதுதான் அதிகம் குழப்புவது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றதெல்லாம் பாதி லேசு.

ஊடகம் படிக்கும் தம்பி ஒருவர் போன மாரிக்கு முன் ஒரு 35 மி.மீ. கறுப்பு வெள்ளைத் துண்டோடு வந்தார். “அண்ணை, இதில ஒரு இடத்தில 61 எண்டு தொடங்குது, அதுக்குப் பக்கத்திலேயே 18 எண்டு வேறொண்டு. ரெண்டும் கூடிக்கொண்டு போகுது. எதை எழுதிறது?”

நான் பதில் சொல்லவில்லை. துண்டை லைற் மேல் வைத்து, “எழுத்து என்ன நிறம் எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றேன்.

லூப்பில் குனிந்தார். “ஒண்டு கறுப்பு. மற்றது... வெள்ளை. கறுப்புப் பட்டிக்குள்ள வெள்ளையா இருக்கு.”

“இப்ப வெள்ளையை வாசியுங்கோ.”

“வாசிக்கேலாது, கண்ணாடியில பாக்கிற மாதிரி மறுபக்கமா இருக்கு.”

“பிலிமைத் திருப்பிப் போடுங்கோ.”

திருப்பினார். வெள்ளை எண் நேராக வந்தது, கறுப்பு எண் இப்போது கண்ணாடி எழுத்தாகிவிட்டது. தம்பி நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது. இருந்தாலும் விளக்கிச் சொன்னேன்.

கையில் இருந்தது ஒரு பிறின்ற். பிறின்ற் எடுக்கப் பயன்பட்ட பிலிமுக்கும் தொழிற்சாலை ஓர் எண்ணைப் பதித்திருக்கும். அது ஒளிபட்ட இடம், ஆகவே கழுவியதும் கறுப்பாகும். நெகற்றிவிலும் அதன் சொந்த எண் கறுப்புத்தான். ஆனால் நெகற்றிவின் ஊடாக ஒளி வந்து பிறின்ற்றில் விழும்போது அந்தக் கறுப்பு எழுத்து ஒளியை மறிக்கும், சுற்றியுள்ள தெளிவான ஓரம் ஒளியை விடும். எனவே பிறின்ற்றில் ஓரம் கறுத்து, நெகற்றிவின் எண் வெளிச்சமாக நிற்கும். கறுப்பு எழுத்து இந்தத் துண்டின் சொந்தப் பெயர், வெளிச்ச எழுத்து தாயின் பெயர். நெகற்றிவோடு பொருத்த வேண்டியது வெளிச்ச எண்ணை மட்டும். கறுப்பை எழுதிக்கொண்டு நெகற்றிவ் பேணிகளைக் கிளறினால் ஒரு வருடம் கிளறினாலும் கிடைக்காது.

கண்ணாடி எழுத்து ஏன்? எண் எப்போதும் பிலிமின் பளபளப்பான முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்படி பதிக்கப்படுகிறது. பிரதி எடுக்கும்போது இரண்டு பிலிமின் மருந்துப் பக்கங்களும், அதாவது படம் பதியும் பக்கங்களும், முகத்தோடு முகம் ஒட்டி ஓடுவதால், தாயின் எழுத்து பிள்ளையில் மருந்துப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நேராக வரும். படத்துக்கும் இதே கதைதான். கமராவில் ஓடிய நெகற்றிவை முதுகுப் பக்கம் பார்த்தால் கடைப் பெயர்ப் பலகை நேராக வாசிக்கும்; பிறின்ற்றில் மருந்துப் பக்கம் பார்க்க வேண்டும். நிறத்தில் சந்தேகம் வந்தால் கண்ணாடி எழுத்தைப் பாருங்கள், அதிலும் சந்தேகம் என்றால் படத்துக்குள் இருக்கும் ஏதாவது ஒரு எழுத்தைப் பாருங்கள். மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூல நெகற்றிவிலிருந்து ஒரு பொசிற்றிவ் எடுத்து, அதிலிருந்து மறுபடி ஒரு நெகற்றிவ் எடுத்திருந்தால், மூலத்தின் எண் இரண்டு முறை புரண்டு மறுபடியும் கறுப்பாகவே வரும், நேராகவே வாசிக்கும். அந்த நகல் நெகற்றிவின் சொந்த எண்ணும் கறுப்பு, அதுவும் நேர். அப்போது கூர்மையைத்தான் நம்ப வேண்டும். சொந்த எண் ஊசி முனைபோல் இருக்கும். இரண்டு தலைமுறை கடந்து வந்த எண்ணின் விளிம்பு சற்றுக் கரைந்திருக்கும், சுற்றிலும் மெல்லிய சாம்பல். நடுவிலிருந்த பொசிற்றிவின் எண்ணும் வெளிச்சமாகக் கண்ணாடி எழுத்தில் நிற்குமானால், அது நகல்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

“நைற்றேற் என்று எழுதியிருக்கிறது, பயமாக இருக்கிறது”

பயப்பட வேண்டிய பொருள்தான். நைற்றேற் என்பது லேசில் தீப்பிடிக்கும் பழைய வகைப் பிலிம், பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. ஆனால் மேலே சொன்னதே இங்கும் செல்லும்: அந்தச் சொல் வெளிச்ச எழுத்தில் இருந்தால் தாய்தான் நைற்றேற், கையில் இருப்பது அதிலிருந்து எடுத்த பிரதி. கறுப்பு எழுத்தில் சேப்ற்றி (பாதுகாப்பு பிலிம்) என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். 16 மி.மீ. என்றால் அனேகமாகக் கவலையில்லை. 1923இல் அது வந்த நாளிலிருந்தே பாதுகாப்பு பிலிமாகத்தான் வந்தது. கறுப்பு எழுத்திலேயே நைற்றேற் என்று இருக்கும் 35 மி.மீ. என்றால் பேணியை மூடி, வீட்டுக்கு வெளியே வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, தெரிந்தவர்களைக் கேளுங்கள். ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

“எண் நடுவில் பாய்கிறது”

பாய்ந்த இடத்தில் ஒட்டு இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம்.

முதலில், எண்ணுவது எப்படி. கீகோட்டில் எண்ணின் முடிவில் ஒரு கறுத்த புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி எந்தப் பிறேமுக்கு நேரே விழுகிறதோ அதுதான் பூச்சியம். அதற்கு அடுத்தது +01. இப்படி +15 வரை போய், அடுத்தது புது எண்ணின் பூச்சியம். ஒட்டுக்கு முந்திய கடைசிப் பிறேம் 2087+15, ஒட்டுக்குப் பிந்திய முதல் பிறேம் 2093+00 என்றால் நடுவில் 2088 முதல் 2092 வரை ஐந்து அடி முழுதாக இல்லை. 80 பிறேம், செக்கனுக்கு 24 பிறேம் ஓட்டத்தில் 3.3 செக்கன்.

ஒரு துண்டின் நீளம் வேண்டுமானால்: தொடக்கம் 4412+06, முடிவு 4415+11. மூன்று அடிக்கு 48, மிச்சம் 5, கூட்டினால் 53. இங்கேதான் எல்லோரும் விழுவார்கள். 53 என்பது இரண்டுக்கும் இடையிலான தூரம். தொடக்கப் பிறேமும் முடிவுப் பிறேமும் இரண்டுமே துண்டுக்குள் இருப்பதால் நீளம் 54. இரண்டேகால் செக்கன். வேலிக்கதியாலை எண்ணுவதா, கதியாலுக்கு இடையில் உள்ள வெளியை எண்ணுவதா என்ற அதே பழைய சிக்கல்.

16 மி.மீ.இல் ஓர் அடிக்கு 40 பிறேம். ஆனால் எண் சில பிலிமில் 40 பிறேமுக்கு ஒன்று, கீகோட்டில் 20க்கு ஒன்று. புத்தகத்தைப் பார்த்துப் பெருக்காதீர்கள். பேணி ஒவ்வொன்றையும் திறந்ததும் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்வரை ஒருமுறை விரலால் எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. 35 மி.மீ.இலும் மூன்று துளைக்கு ஒரு பிறேம் என்று எடுத்த படம் வந்தால் 16 என்ற கணக்கு பொருந்தாது. அங்கே அடிக்கு 21 பிறேமும் ஒரு துளையும்.

பாய்ச்சல் பெரிதாக இருந்து, முன்னால் உள்ள ஆறு இலக்கமும் சேர்ந்து மாறியிருந்தால் நடுவில் ஒன்றும் தொலையவில்லை, அது வேறு றோல். அதை இழப்பாகக் கணக்கிட்டுவிடாதீர்கள்.

“நெகற்றிவும் ரஷ் பிறின்ற்றும் ஒரு பிறேம் வித்தியாசப்படுகிறது”

கீகோட்டுக்கு முந்திய பிலிம்களில் அந்தப் புள்ளி இல்லை. எண்ணோ நீளமானது, இரண்டு பிறேமின் மேல் கால்நீட்டிப் படுத்திருக்கும். அதில் எது பூச்சியம்? ஒருவர் முதல் இலக்கம் விழும் பிறேம் என்பார், மற்றவர் கடைசி இலக்கம் என்பார். இரண்டும் சரிதான், இரண்டையும் கலந்தால்தான் பிழை. நான் கடைசி இலக்கத்தை எடுப்பது வழக்கம். எதை எடுத்தாலும் கொப்பியின் முதல் பக்கத்தில் அதை எழுதி, துளையை எண்ணி ஒரு சின்னப் படமும் வரைந்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து உங்களுக்கே மறந்துவிடும்.

புள்ளி இருக்கும் பிலிமிலும் ஒரு சிக்கல் வரலாம். ஒரு பிறேமுக்கு நாலு துளை. கமராவில் பிலிமைக் கோத்தவர் எந்தத் துளையில் தொடங்கினார் என்பதைப் பொறுத்துப் புள்ளி பிறேமின் நடுவிலும் விழும், இரு பிறேமுக்கும் இடைக்கோட்டிலும் விழும். கோட்டில் விழுந்தால் அடுத்த எண்ணுக்குப் போய்ப் பார்த்தும் பயனில்லை, 64 துளைக்கு ஒருமுறை என்பதால் அங்கேயும் கோட்டில்தான் விழும். அந்த றோல் முடியும்வரை ஒரே முடிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெட்டத் தொடங்குவதற்கு முன் இன்னொரு விசயம். பிலிம் சீமெந்து என்ற பசையை வைத்து ஒட்டும் நெகற்றிவ் ஒட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும், அதற்கு இரு பக்கமும் அடுத்த பிறேமைப் பலி கொடுக்க வேண்டும். ரஷ் பிறின்ற்றில் ரேப் போட்டு ஒட்டும்போது ஒன்றும் வீணாகாது, அதனால் எடிற்றர் 4415+11இல் ஒரு துண்டை முடித்து 4415+12இலேயே மற்றத் துண்டைத் தொடங்கி வேறிடத்தில் வைத்துவிடுவார். நெகற்றிவில் அதைச் செய்ய முடியாது. கோடம்பாக்கத்தில் எங்கள் மேசையில் எண்களை எழுதி முடித்ததும் முதல் வேலை, இப்படி அடுத்தடுத்து வரும் எண்களைத் தேடிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவது. கத்தரிக்கோல் எடுப்பது அதற்குப் பிறகுதான். வெட்டிய நெகற்றிவ் திரும்ப வளராது.

“எண் குறைந்துகொண்டு போகிறது”

பெரும்பாலும் றீல் வால் முன்னால் சுற்றியிருக்கிறது. மறுபடி சுற்றினால் சரியாகிவிடும். சுற்றியும் எண் இறங்குகிறதென்றால் படத்தைப் பாருங்கள். சைக்கிள்காரர் முன்னால் போகிறாரா, பின்னால் போகிறாரா? முன்னால் போயும் எண் இறங்கினால், கமராவில் போடுவதற்கு முன்பே பிலிமை வேறு சுருளுக்கு மாற்றிச் சுற்றியிருக்கிறார்கள். மிச்சத் துண்டு பிலிம்களை வாங்கிப் படம் எடுத்தவர்கள் செய்வது இது. பிழை ஒன்றுமில்லை. கொப்பியில் அந்த றோலுக்குப் பக்கத்தில் ‘இறங்கு’ என்று எழுதி, கழித்தலைப் புரட்டிச் செய்யுங்கள்.

இறங்கு றோலில் எண் படத்துக்குத் தலைகீழாகவும் நிற்கும். அப்போது 6ஐயும் 9ஐயும் கவனம். மங்கலான எண்ணில் 3, 8, 0 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். தனி எண் ஒன்றை ஒருபோதும் நம்பாதீர்கள். முன்னதையும் பின்னதையும் வாசியுங்கள். 5808, 5809 என்று வரவேண்டிய இடத்தில் 5803 வராது.

“இரண்டு வேறு துண்டில் ஒரே எண்”

இரண்டிலும் வெளிச்ச எண் ஒரே எண், கறுப்பு எண் வேறு வேறு என்றால் கொண்டாடுங்கள்: ஒரே நெகற்றிவிலிருந்து எடுத்த இரண்டு பிரதி உங்களிடம் இருக்கின்றன, ஒன்றில் கிழிந்த இடத்தை மற்றதால் நிரப்பலாம். மை எண் ஒன்றாக இருந்தால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. அதை அடிக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு படத்துக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்குவார்கள்.

“குறியைப் பார்த்தால் வருடம் பொருந்தவில்லை”

கொடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம், கூட்டல் குறி என்று சின்ன வடிவங்கள் இருக்கும். அவற்றின் சேர்க்கை பிலிம் தயாரான வருடம். பல பத்தாண்டுகளாக இந்தச் சேர்க்கை 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தது, ஆகவே ஒரே குறி 1955 ஆகவும் இருக்கலாம், 1975 ஆகவும் இருக்கலாம். அமெரிக்கத் தொழிற்சாலை, இங்கிலாந்துத் தொழிற்சாலை என்று அட்டவணையும் வேறு வேறு.

அதற்குமேல், குறி சொல்வது பிலிம் பிறந்த வருடம். படம் எடுத்த வருடம் அல்ல. பிலிம் கடையில், பெட்டியில் இரண்டு மூன்று வருடம் கிடந்திருக்கலாம். பிறின்ற் என்றால் வெளிச்சக் குறி நெகற்றிவின் வருடம், கறுப்புக் குறி பிறின்ற்றின் வருடம். இரண்டுக்கும் நடுவே பத்து வருடம் இருந்தால் யாரோ பழைய நெகற்றிவிலிருந்து பின்னொரு நாளில் புதுப் பிரதி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

20 வருடக் குழப்பத்தைத் தீர்ப்பது இங்கே எங்களுக்கு லேசு, ஊரே சாட்சி. ஒரு அம்மா கொண்டுவந்த 16 மி.மீ. றீலை வீட்டில் எல்லோரும் 1955இல் எடுத்தது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், குறியும் அதற்கு ஒத்துக்கொண்டது. ஆனால் ஊர்வலத்துக்குப் பின்னால் பொது நூலகம் குவிமாடத்தோடு முழுதாக நிற்கிறது. அது திறந்தது 1959இல். 1981 ஜூனில் எரிந்துபோனது. எனவே 1975 அல்லது அதற்குச் சற்றுப் பின். “அப்ப அதில நடந்து போறது என்ர மாமா இல்ல, தம்பியோ?” என்று அந்த அம்மா சிரித்தார். பிறகு றீலை இன்னொருமுறை போட்டுக் காட்டச் சொன்னார்.

“எண் சரி, நீளம் சரியில்லை”

பேணியைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால் காரணம் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அசெற்றேற் பிலிம், அதாவது பாதுகாப்பு பிலிம், கெட்டுச் சுருங்குகிறது. கடற்காற்றும் மாரி ஈரமும் உள்ள ஊரில் இது சாதாரணம்.

அளப்பதற்கு விசேட கருவி வேண்டாம். 35 மி.மீ. நெகற்றிவில் 64 துளை புதிதில் ஏறக்குறைய 303.3 மி.மீ., பிறின்ற்றில் 304. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்வரை மேசையில் தட்டையாக விரித்து அடிமட்டத்தை வையுங்கள். 3 மி.மீ. குறைந்தால் நூற்றுக்கு ஒன்று சுருங்கிவிட்டது. 16 மி.மீ.இல் 40 பிறேமுக்கு 304 முதல் 304.8 வரை, அதே கணக்கு. நூற்றுக்கு ஒன்றைத் தொட்டுவிட்டால் புறொஜெக்டரில் போடாதீர்கள், பற்கள் துளையைக் கிழித்துவிடும். இரண்டு பிலிமைப் பல்லுச் சக்கரத்தில் சேர்த்து ஓட்டும் சிங்க்ரோனைசரிலும் அது பல்லை விட்டு ஏறும். நெகற்றிவும் பிறின்ற்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது மெல்ல மெல்ல விலகுவது அதனால்தான். கைச்சுற்றில் எண்ணுக்கு எண் பார்த்துப் போக வேண்டும். நீளம் பொய் சொன்னாலும் துளையின் தொகை பொய் சொல்லாது. 64 எப்போதும் 64தான்.

“ஸ்கான் செய்து வந்த படத்தில் எண்ணைக் காணவில்லை”

ஸ்கான் செய்தவர் படச் சட்டத்தோடு வெட்டியிருக்கிறார். அனுப்பும்போதே ‘துளைக்கு வெளியே விளிம்புவரை வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. பார்கோட்டை இயந்திரம் வாசித்துத் தந்த பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். நகல் நெகற்றிவிலும் கீறல் விழுந்த ஓரத்திலும் அது தடுமாறும், பத்து இடத்தில் கண்ணால் சரிபாருங்கள்.

கொழும்புக்கோ சென்னைக்கோ பேணியை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு றீலின் தலையிலும் வாலிலும் உள்ள எண்ணை, கறுப்பு வேறு வெளிச்சம் வேறாக, கொப்பியில் எழுதி, ஒட்டு உள்ள இடங்களையும் குறித்துவிடுங்கள். ஒருமுறை நான் அனுப்பிய 35 மி.மீ. றீல் திரும்பி வந்தபோது பேணி அதே பேணி, லேபல் அதே லேபல். வாலில் நான் எழுதியிருந்தது 3391. வந்ததில் 3382. தொலைபேசியில் கேட்டேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒன்பது அடி, 144 பிறேம், ஆறு செக்கன். இயந்திரத்தில் கோக்கும்போது கிழிந்த வால், அவர்களின் குப்பைக் கூடையிலிருந்து சுருண்டபடி ஒரு கடித உறையில் அடுத்த கிழமை வந்தது.